பிப்ரவரி 18, புளோரன்ஸ்: ஒரு பத்திரத்துக்கு எடுக்கும் விழா

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் டிக்கெட் வாங்க வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகப் போகாதீர்கள். மிச்சமாகும் காசு கொஞ்சம், நிற்க வேண்டிய வரிசையோ நீளம். எதற்காக இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், கால் வலித்தாலும் மனம் நிறையும்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 18 அன்று அன்னா மரியா லூயிசா டி மெடிச்சி என்ற அம்மையாரை நினைவுகூர்கிறார்கள். 1743 இல் அதே தேதியில், 75 வயதில் இறந்தவர். அந்த ஊரை ஆண்ட மெடிச்சி அரச குலத்தின் கடைசிக் கண்ணி. அவருடைய நினைவு நாளில் நகராட்சியின் அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். பழங்கால உடை அணிந்த ஓர் ஊர்வலம் முரசும் எக்காளமுமாகப் போய், அவர் கல்லறையில் மலர் வைக்கும். நிகழ்ச்சி நிரல் இவ்வளவுதான். வாணவேடிக்கை கிடையாது, மேடைக் கச்சேரி கிடையாது, இரவில் தெருவெல்லாம் விளக்கும் கிடையாது.

நான் பதிவுத் துறையில், சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, தான செட்டில்மென்ட், உயில் என்று ஊரார் சொத்தைப் படித்துப் படித்தே கண்ணாடியின் கனம் கூடியது. மகள் ஜெர்மனியில் டுசல்டார்ஃபில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், நகர மன்றத்துக்கு முன்னால் குதிரை மேல் ஒரு கனத்த மனிதர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு யார் என்று கேட்டேன். யோகான் வில்ஹெல்ம், அந்த ஊர் மக்கள் செல்லமாக யான் வெல்லெம் என்பார்களாம். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த சிற்றரசர்களில் ஒருவர். அவருடைய மனைவிதான் இந்த அன்னா மரியா லூயிசா. 1691 இல் திருமணம் முடித்து வந்து, 1716 இல் கணவர் இறந்த பிறகு, 1717 இல் தாய்வீடு திரும்பினார். பிள்ளைகள் இல்லை. "அந்த அம்மா எழுதிய பத்திரத்துக்கு அந்த ஊரில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள் அம்மா" என்று மகள் சொன்னதும், என்னை வீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. பத்திரத்துக்கு விழாவா? எங்கள் அலுவலகத்தில் பத்திரத்துக்கு அடிதடிதான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விழாவின் சாரம் அதுதான். அன்னாவின் அண்ணன் ஃபெர்டினாண்டோ 1713 இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். தம்பி ஜான் கஸ்தோனேக்கும் பிள்ளை இல்லை. தம்பிக்குப் பிறகு மகளே ஆளட்டும் என்று தந்தை மூன்றாம் கோசிமோ எவ்வளவோ முயன்று பார்த்தார். ஐரோப்பாவின் பெரிய அரசுகள் கேட்கவில்லை. தங்களுக்குள் பேசி, புளோரன்சைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனி நாட்டை லொரேன் கோமகன் பிரான்சிஸ் ஸ்டீபனுக்கு ஒதுக்கிவிட்டார்கள். 1737 ஜூலையில் தம்பியும் போய்ச் சேர்ந்தார். நாடு கையை விட்டுப் போனது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மெடிச்சிகள் சேர்த்த ஓவியம், சிலை, நூலகம், நகை இவை குடும்பச் சொத்து. அன்னாவின் கையில் இருந்தன.

அவர் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று புது அரசரான பிரான்சிஸ் ஸ்டீபனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். குடும்ப ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். எல்லாவற்றையும் உனக்கும் உனக்குப் பின் வருகிற அரசர்களுக்கும் கொடுத்துவிடுகிறேன், ஆனால் அதில் எதையும் தலைநகரை விட்டும் நாட்டை விட்டும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஷரத்து. எதற்காக என்ற காரணத்தையும் எழுதி வைத்தார்: நாட்டின் அலங்காரத்துக்காக, பொதுமக்களின் பயனுக்காக, வெளியூராரின் ஆவலை ஈர்ப்பதற்காக.

தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல கை எழுதிய பத்திரம். எழுதிக் கொடுப்பவருக்குப் படை இல்லை, நாடு இல்லை, வாரிசு இல்லை. எழுதி வாங்குபவர் பின்னாளில் பேரரசர் ஆகப்போகிறவர், ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவின் கணவர். இந்த நிலையில் "தயவு செய்து பார்த்துக்கொள்" என்று கெஞ்சினால் யார் கேட்பார்கள்? அவர் உரிமையைக் கொடுத்தார், நகர்த்தும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. அதிலும் அந்த மூன்றாவது காரணம் இருக்கிறதே, வெளியூராரின் ஆவல், அது 1737 இல் ஒருவருக்குத் தோன்றியது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. இன்று அந்த ஊரில் விடுதிக்காரர் முதல் ஐஸ்கிரீம் கடைக்காரர் வரை பிழைப்பது அந்த ஒரு வரியில்தான்.

டுசல்டார்ஃபிலிருந்து விமானத்தில் போயிருக்கலாம். நான் ரயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்து, மியூனிக்கில் இறங்கினோம். அது வீண் போகவில்லை. விழாவுக்குப் போகும் யாருக்கும் இதே வழியைத்தான் சொல்வேன். மியூனிக்கின் பழைய ஓவியக்கூடமான ஆல்டே பினகோதேக்கில் ரூபென்ஸ் வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியம் தொங்குகிறது. ஆறு மீட்டர் உயரம். அது யான் வெல்லெம் டுசல்டார்ஃபில் வைத்திருந்த ஓவியம். அவர் தன் படங்களுக்காகவே அரண்மனையை ஒட்டித் தனிக் கட்டடம் கட்டினார். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். 1805 வாக்கில், பிரெஞ்சுப் படைகள் வருகின்றன என்று சொல்லி, அப்போதைய அரச வம்சத்தார் படங்களைக் கட்டிக்கொண்டு மியூனிக் போனார்கள். போனவை போனவைதான். டுசல்டார்ஃப்காரர்கள் வெகுகாலம் கேட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ரூபென்சின் மாதா விண்ணேற்பு ஓவியம் மரப்பலகையில் வரைந்தது, பெரியது, தூக்க முடியவில்லை. அதனால் அது அங்கேயே தங்கியது. கனம்தான் அதைக் காப்பாற்றியது, சட்டம் அல்ல.

அதே கூடத்தில் இன்னொன்று. ரஃபேல் வரைந்த திருக்குடும்பம், கனிஜானி குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படுவது. புளோரன்சில் மெடிச்சிகளிடம் இருந்த படம். மகள் திருமணத்தை ஒட்டி மருமகனுக்குக் கோசிமோ கொடுத்தது. சீர்வரிசையாகப் போன ரஃபேல், மாப்பிள்ளை வீட்டுப் படங்களோடு மியூனிக் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் படத்துக்கு முன்னால் நின்றபோது என் மகளிடம் சொன்னேன்: ஷரத்து எழுதாமல் கொடுத்த சொத்தின் கதி இதுதான், பார்த்துக்கொள். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கணவர் ஊரில் நடந்ததைக் காண அந்த அம்மையார் உயிரோடு இல்லை. ஆனால் ஒரு சேகரிப்பு எவ்வளவு எளிதாக வண்டியேறும் என்பது, வீட்டு நகையும் படமும் வெளியூர் போய் வந்ததைப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

விழா நாளுக்கு வருவோம்.

பிப்ரவரி புளோரன்சில் வெயில் இருக்கும், சூடு இருக்காது. கல் பாவிய குறுகிய தெருக்களில் குளிர் காலடியிலிருந்து ஏறுகிறது. கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதீர்கள். ஊர்வலம் வருவதற்கு முன் அதன் முரசொலி வந்துவிடும். சுவரில் மோதித் திரும்புவதால் எந்தத் தெருவில் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் எல்லோரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். வெள்ளைத் துணியில் சிவப்பு அல்லி பொறித்த நகரக் கொடி, இறகு வைத்த தொப்பிகள், பட்டை பட்டையாக இரு நிறம் தைத்த கால்சட்டைகள், ஈட்டிகள். நடக்கிறவர்கள் சினிமாத் துணை நடிகர்கள் மாதிரி இல்லை. தொப்பை உள்ளவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகியவர், எதிரே நின்ற பேரக் குழந்தையைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கியவர் என்று எல்லாம் ஊர்க்காரர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த உடை புளோரன்ஸ் குடியரசின் உடை. 1530 பிப்ரவரி 17 அன்று, பேரரசரின் படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, "உங்களைக் கண்டு நாங்கள் பயப்படவில்லை" என்று காட்டுவதற்காக ஊர்க்காரர்கள் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் பந்து விளையாடினார்கள். அந்த ஆட்டத்தின் நினைவாகத்தான் இந்த அணிவகுப்பே இருக்கிறது. அந்தப் படை எதற்காக வந்தது? விரட்டப்பட்ட மெடிச்சிகளை மறுபடி பதவியில் ஏற்றுவதற்காக. ஆக, மெடிச்சிகளே வேண்டாம் என்று பட்டினி கிடந்தவர்களின் உடையை அணிந்துகொண்டு, கடைசி மெடிச்சிக்கு மலர் வைக்கப் போகிறார்கள். முந்தின நாள் ஒரு நினைவு, மறுநாள் அதற்கு நேர் எதிரான நினைவு. பக்கத்தில் நின்ற முதியவரிடம் மகள் இத்தாலிய மொழியில் இதைக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அந்த வீட்டு ஆண்களைப் பற்றி எங்களுக்கு ஆயிரம் கருத்து உண்டு, இந்த அம்மையாரைப் பற்றி ஒரே கருத்துதான் என்றார்.

ஊர்வலம் முடியும் இடம் மெடிச்சி சிற்றாலயம், சான் லோரென்சோ தேவாலயத்தின் பின்புறம். நுழைவு முன்வாசல் வழியாக அல்ல, பின்னால் இருக்கும் சிறிய சதுக்கத்திலிருந்து. இது தெரியாமல் முன்வாசலில் காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் தாழ்ந்த வளைவுகளோடு நிலவறை. தரையில் பதித்த கல்லறைப் பலகைகள். அன்னாவும் இங்கேதான் இருக்கிறார். இடம் குறைவு, ஆகவே முதலில் கொடிக்காரர்களும் அதிகாரிகளும், பிறகுதான் நம் போன்றவர்கள். எக்காளம் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே ஊதும்போது காதுக்குள் அதிர்கிறது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் வெளியே நிற்பது நல்லது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலர்கள் வைத்தாகிவிட்டது. ஒரு கிழவி, உள்ளூர்க்காரிதான், தன் சந்தைப் பையிலிருந்து இரண்டு மலர்களை எடுத்து அரசாங்க மலர்வளையத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீரைக்கட்டு நசுங்காமல் பையைச் சரி செய்துகொண்டு போனாள். விழாவில் நான் பார்த்ததிலேயே சிறந்த மரியாதை அதுதான்.

நிலவறைக்கு மேலே இளவரசர்களின் சிற்றாலயம். எட்டுப் பட்டை அறை, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம், சுவர் முழுவதும் பல நிறக் கற்களை இழைத்துப் பதித்த வேலை. 1604 இல் தொடங்கிய கட்டுமானம், குலம் முடிகிறவரை முடியவில்லை. பிரம்மாண்டமான கல்பெட்டிகளுக்கு மேலே சிலை வைக்க மாடங்கள். அவற்றில் இரண்டில்தான் சிலை, மற்றவை காலி. பெட்டிகளுக்குள்ளும் யாரும் இல்லை, உடல்கள் எல்லாம் கீழே. எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை. பணம் இருப்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாத அறை. ஆனால் சுவரின் கீழ்வரிசையில் தஸ்கனி நகரங்களின் சின்னங்களைக் கல்லிலும் சிப்பியிலும் பதித்திருக்கிறார்கள். குனிந்து ஒன்றை மட்டும் பாருங்கள். இணைப்பில் நகம் நுழையாது.

அடுத்த அறையில் மிக்கெலாஞ்சலோவின் இரவு, பகல், விடியல், அந்தி. இவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் தாண்டிப் போகிறேன்.

இந்தக் கட்டடத்தில் அந்த அம்மையார் செய்ததைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே வந்து சதுக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் மணிக்கோபுரம் அவர் பணத்தில் 1740 வாக்கில் எழுந்தது. தேவாலயத்துக்குள் குவிமாடத்தில் இருக்கும் சுவரோவியம் 1742 இல் அவர் சொல்லி வரைந்தது. சிற்றாலய வேலை தொடர்ந்து நடக்கவும் உயிலில் பணம் ஒதுக்கினார். சான் லோரென்சோவின் முகப்பு மட்டும் இன்றைக்கும் பூச்சு இல்லாத கரடுமுரடான கல். மிக்கெலாஞ்சலோ வரைபடம் போட்டுக் கொடுத்தும் கட்டாமல் விட்ட முகப்பு அது.

சாப்பாடு. சான் லோரென்சோவை ஒட்டியே நகரத்தின் மையச் சந்தை இருக்கிறது. கீழே காய்கறி, இறைச்சி, பாலாடைக் கடைகள், மேல் மாடியில் சாப்பாட்டுக் கடைகள். ஊர்க்காரர்கள் மாட்டின் நான்காவது இரைப்பையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்து நின்றபடியே சாப்பிடுகிறார்கள், லம்ப்ரெதோத்தோ என்று பெயர். நான் சைவம். எனக்கு ரிபொல்லிதா போதும்: கறுங்கீரை, வெள்ளைப் பீன்ஸ், காய்ந்த ரொட்டி எல்லாம் சேர்த்துச் சமைத்து, மறுநாள் மீண்டும் கொதிக்க வைப்பது. கல்யாண வீட்டுச் சுண்டக்கறியின் அதே நியாயம். இரண்டாம் நாள்தான் ருசி. உப்பு இல்லாத தஸ்கனி ரொட்டி தனியாகச் சாப்பிட்டால் சக்கை, இதற்குள் போனால் அமிர்தம். பிப்ரவரியில் போவதில் இன்னொரு லாபம், கார்னிவல் காலத்து ஸ்கியாச்சாதா. ஆரஞ்சுத் தோல் மணக்கும் தட்டையான கேக், மேலே மாவுச் சர்க்கரை, அதன் மேல் கோகோவில் நகரத்தின் அல்லிச் சின்னம். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கிரீம் வைத்ததை வாங்காதீர்கள், வெறும் கேக்கே மேல். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. அது எல்லா இத்தாலிய ஊரிலும் உள்ள வழக்கம், சண்டை போட வேண்டாம்.

மதியத்துக்கு மேல் இலவச அருங்காட்சியகங்கள். அதில் பலாத்ஸோ வெக்கியோவுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். நகராட்சி இன்றும் அங்கேயே இயங்குகிறது, ஐந்நூற்றுவர் மண்டபம் அங்கேதான் இருக்கிறது, சுவரும் கூரையும் ஓவியர் வசாரியின் போர்க்காட்சிகளால் நிறைந்திருக்கிறது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளூர்க் குடும்பங்கள் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. ஒரு தகப்பன் தோளில் ஏற்றிவைத்த மகளுக்கு மண்டபக் கூரையில் ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியூராருக்கு விட்டுக் கொடுத்த தங்கள் வீட்டை ஒரு நாளாவது திரும்பப் பெற்றவர்கள் போல நடந்தார்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சாந்தா மரியா நொவெல்லாவுக்கோ ஆற்றின் அக்கரையில் இருக்கும் பார்தினி அருங்காட்சியகத்துக்கோ போகலாம். பார்தினியில் நீலச் சுவர்கள்; அதற்கு மேல் அந்த நாளில் எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு புகாரும் உண்டு. விழாவை ஒட்டி "கடைசி மெடிச்சியின் அடிச்சுவட்டில்" என்கிற மாதிரி ஒரு நடைச் சுற்றை ஒரு தனியார் நிறுவனம் இணையத்தில் விற்றது. மகள் ஆசையாகப் பணம் கட்டினாள். வழிகாட்டி அந்த அம்மையாரைப் பற்றிப் பேசியது காபி ஆறும் நேரம்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் விஷம் வைத்த மெடிச்சி, கத்திக் குத்து வாங்கிய மெடிச்சி, தம்பி ஜான் கஸ்தோனேயின் படுக்கையறை. இடையில் ஒரு தோல் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய், நாங்கள் பார்க்காத பைகளையெல்லாம் பார்க்க வைத்தார். பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். உயில் என்றார். உயில் அல்ல, இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றேன். இரண்டும் ஒன்றுதானே அம்மா என்றார். ஒன்று அல்ல. உயில் என்றால் அவர் இறந்த பிறகுதான் பேசும். புது அரசர் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இது எழுதி வாங்கியவரையும் கட்டிப்போட்ட காகிதம். இந்த வித்தியாசம் தெரியாமல் அந்த நாளைக் காட்டிக் காசு வாங்கலாமா? நகராட்சி அருங்காட்சியகங்களில் விழாவுக்காக நடத்தும் விளக்கச் சுற்றுகளுக்கு முன்கூட்டியே பெயர் கொடுங்கள், தனியாரிடம் போகாதீர்கள்.

மறுநாள் ஒரு நாள் கட்டாயம் தங்குங்கள். விழா நாளில் ஊர்வலம் பார்ப்பதும் மறுநாள் டிக்கெட் எடுத்துப் பிட்டி அரண்மனை பார்ப்பதுமாகச் சேர்ந்துதான் இது முழுமை. அவர் வாழ்ந்ததும் இறந்ததும் பிட்டியில்தான். கூட்டம் முழுவதும் மேல் மாடியில் ரஃபேல், திசியன் படங்களுக்குப் போகிறது. நீங்கள் தரைத்தளத்தில் இருக்கும் பெருங்கோமகன்களின் கருவூலத்துக்குப் போங்கள். அன்னா டுசல்டார்ஃபிலிருந்து கொண்டுவந்த முத்துப் பொம்மைகள் அங்கே இருக்கின்றன. உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக விளைந்த முத்துகளை எடுத்து, அந்தக் கோணலையே உடம்பாக வைத்துத் தங்கத்தில் கையும் காலும் தலையும் சேர்த்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒரு தொட்டில். உள்ளங்கையில் வைக்கலாம், அவ்வளவு சிறியது. தங்கக் கம்பியை இழையாக இழுத்துப் பின்னிய கூடு, வைரப் பொடிகள், உள்ளே படுத்திருக்கும் பிள்ளை ஒரே முத்து. வாரிசு பிறக்கும் என்ற நம்பிக்கையில் கணவர் கொடுத்த பரிசு. நான் அதன் முன் வெகுநேரம் நின்றேன். அந்தத் தொட்டிலை அவர் உருக்கவும் இல்லை, யாருக்கும் கொடுத்துவிடவும் இல்லை. புளோரன்சுக்குத் தன்னோடு கொண்டுவந்தார். ஒப்பந்தத்தில் நகை என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் இந்தத் தொட்டிலும் அடங்கும். பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியலான தபசிலில் வரும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீட்டுக் கதை இருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் முத்திரை வைக்கும்போது யாரும் அதைப் பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை.

உஃபிசிக்கும் போனோம். 1769 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கூடம். ஒப்பந்தத்தில் எழுதிய பொதுமக்கள் பயன் அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்தது. அங்கே திசியனின் ஊர்பினோ வீனசுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் படம் அன்னாவின் பாட்டி விக்டோரியா டெல்லா ரோவெரே கொண்டுவந்த சொத்து என்று? ஊர்பினோ கோமகனையும் கோமகளையும் பக்கவாட்டு முகமாக வரைந்த பியேரோவின் இரட்டைப் படமும் அதே பாட்டியின் வழியில் வந்ததுதான். பாட்டி கொண்டுவந்தாள், பேத்தி போகவிடாமல் வைத்தாள். இடையில் இருந்த ஆண்கள் சுவரில் மாட்டினார்கள்.

பத்திரம் முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். வில்லங்கம் இல்லாத சொத்து உண்டா? 137 காரட் மஞ்சள் வைரம் ஒன்று மெடிச்சிகளிடம் இருந்தது, புளோரன்டைன் வைரம் என்று பெயர். அது வியன்னா போனது. முதல் உலகப் போருக்குப் பின் எங்கே என்று தெரியாமல் இருந்து, 2025 இல்தான் அது கனடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். நெப்போலியன் காலத்தில் மெடிச்சி வீனஸ் சிலை பாரிஸ் போய், அவர் வீழ்ந்த பிறகு திரும்பியது. பீரங்கியோடு வருகிறவன் ஷரத்தைப் படிப்பதில்லை. ஆனால் சமாதான காலத்தில், சட்டப்படி, பணத் தேவைக்காக அள்ளி விற்பதை அந்தக் காகிதம் தடுத்தது. அண்டை நாடான மொதேனாவில் அந்த அம்மையார் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1746 இல், கோமகன் தன் கூடத்தின் நூறு நல்ல படங்களைச் சாக்சனியை ஆண்டவருக்கு விற்றார். அவற்றைப் பார்க்க இன்று டிரெஸ்டன் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எந்தெந்த அருங்காட்சியகம் அன்று இலவசம் என்பதை நகராட்சியின் அறிவிப்பில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நகராட்சிக்கு உரியவை வேறு, அரசுக்கு உரியவை வேறு. வார விடுமுறை ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நாள். பிட்டியும் உஃபிசியும் திங்கட்கிழமை மூடியிருக்கும். முட்டிவலி உள்ளவர்கள் ஆற்றின் இக்கரையிலேயே அறை எடுத்தால் சான் லோரென்சோவுக்கும் பலாத்ஸோ வெக்கியோவுக்கும் நடந்தே போகலாம், பிட்டிக்கு மட்டும் பாலம் தாண்ட வேண்டும். இத்தாலிய மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் விழா இரண்டு மடங்கு இனிக்கும், ஏனென்றால் கல்லறை அருகே பேசுவதெல்லாம் இத்தாலிய மொழியில்தான்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஊர்வலத்துக்கு ஒன்று, உள்ளூர்க்காரர்கள் உரிமையோடு வருவதற்கு ஒன்று, பையிலிருந்து மலர் எடுத்த அந்தக் கிழவிக்கு ஒன்று, மறுநாள் பார்த்த தொட்டிலுக்கு ஒன்று. ஐந்தாவதைக் கையில் வைத்திருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தின் ஷரத்தை, யாருடைய ஆவலை ஈர்க்க எழுதினாரோ அந்த வெளியூராரின் மொழிகளிலும் அன்று ஒருமுறை வாய்விட்டு வாசித்தால் தந்துவிடுவேன். தமிழில் வாசிக்க ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்பட்டும், ரயில் கட்டணத்தை நானே போட்டுக்கொண்டு வருகிறேன்.